கினிப்பன்றியா, சுண்டெலியா, முயலா? தொண்டைக்கரப்பன் தடுப்பூசியைச் சோதிக்க விலங்கு தெரிதல்

"தொண்டைக்கரப்பன் தொட்சொயிட்டுக்கு நிர்ப்பீடனத் தூண்டற்பேற்றைப் பார்க்கப் போகிறோம் சேர். கினிப்பன்றி எடுப்பதா, சுண்டெலி எடுப்பதா?" இறுதியாண்டு ஆய்வுக்கு முன்மொழிவு எழுதும் காலம் வந்தால் இந்தக் கேள்வி தவறாமல் வரும். தொட்சொயிட்டு என்பது நஞ்சு முறிக்கப்பட்டுத் தடுப்பூசியாகும் நச்சு, தூண்டற்பேறு என்பது அதற்கு உடம்பு காட்டும் பதில். மருந்துத் தரச் சோதனைக்குப் புதிதாகப் போய்ச் சேர்ந்தவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். பழைய பாடப்புத்தகம் கினிப்பன்றி என்கிறது. கையிலிருக்கும் பணம் சுண்டெலி என்கிறது. இரண்டுக்கும் நடுவில் யாரோ ஒருவர், "விஸ்டர் எலிதான் எங்களிடம் கூடு கூடாகக் கிடக்கிறதே" என்று இன்னோர் ஆய்வுகூட எலியினத்தைக் காட்டிக் குட்டையைக் குழப்பிவிடுவார்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனிதனுக்கு மிக நெருங்கிய விலங்கு எது என்று தேடுவது இந்த விடயத்தில் வீண்வேலை. கேட்கவேண்டியது வேறு: விலங்கு நோயுற்றோ பிழைத்தோ விடை சொல்ல வேண்டுமா, குருதியை மட்டும் தந்தால் போதுமா? முன்னது என்றால் சுண்டெலிக்கு அங்கே இடமே இல்லை. பின்னது என்றால் பெரும்பாலான மாணவர்களுக்குச் சுண்டெலியே போதும். ஆனால் அந்தக் குருதியை எதைக்கொண்டு அளக்கப்போகிறீர்கள் என்பதில்தான் செலவும் சிக்கலும் ஒளிந்திருக்கின்றன.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், நச்சு அந்த விலங்கைத் தாக்குமா என்பது. தொண்டைக்கரப்பனில் ஆளைக் கொல்வது பற்றீரியா அல்ல, அது விடும் நச்சு. தடுப்பூசியில் இருப்பதும் போமலின் சேர்த்து நஞ்சு முறிக்கப்பட்ட அந்த நச்சேதான். ஆகவே மற்ற எல்லாம் இந்த ஒரு கேள்வியில் தொங்குகின்றன.

இரண்டாவது, டோஸைக் கூட்டினால் தூண்டற்பேறும் ஒழுங்காகக் கூடுகிறதா. தடுப்பூசியின் வீரியத்தைச் சர்வதேச அலகில் சொல்வது, ஒரு நியமத் தடுப்பூசியோடு அதே நாளில், அதே விலங்கில், பல ஐதாக்கங்களில் ஒப்பிட்டுத்தான். டோஸுக்கு எதிரே தூண்டற்பேற்றை வரைந்தால் வரும் இரண்டு தடுப்பூசிகளின் கோடுகளும் சமாந்தரமாக ஏறாவிட்டால் கணக்கே எழாது. டோஸை இரட்டித்தாலும் அசையாத விலங்கும், சிறிய டோஸிலேயே உச்சத்துக்குப் போய் நின்றுவிடும் விலங்கும் இதற்கு உதவா.

மூன்றாவது, குருதியில் உருவாகும் காப்புப் புரதமான பிறபொருளெதிரி நச்சை உண்மையில் நடுநிலையாக்குகிறதா, வெறுமனே ஒட்டிக்கொள்கிறதா. மனிதரில் ஒரு மில்லிலீற்றருக்கு 0.01 சர்வதேச அலகு என்பது குறைந்தபட்சப் பாதுகாப்பு, 0.1 அலகு முழுப் பாதுகாப்பு என்று கொள்ளப்படுகிறது. இந்த எண்கள் நடுநிலையாக்கலைக் குறிப்பவை. ஒட்டுதலை அளந்துவிட்டு இவற்றோடு ஒப்பிடுவது நாங்கள் அடிக்கடி காணும் பிழை.

மிச்சமிருப்பவை நடைமுறை: எவ்வளவு குருதி கிடைக்கும், விலங்குக்கு விலங்கு வித்தியாசம் எவ்வளவு, ஒழுங்குபடுத்தும் அதிகாரிகள் ஏற்பார்களா, வளர்க்க என்ன செலவு, விலங்கு படும் துன்பத்துக்கு நியாயம் சொல்ல முடியுமா.

## சுண்டெலிக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை

இதை விளங்கிக்கொள்ளாமல் விலங்கு தெரியக்கூடாது என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

தொண்டைக்கரப்பன் நச்சு 535 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே புரதச் சங்கிலி. அதில் இரண்டு துண்டுகள். 'பி' துண்டு கலத்தின் மேற்பரப்பிலுள்ள ஒரு வாங்கியைப் பற்றிக்கொள்ளும். 'ஏ' துண்டு உள்ளே நுழைந்து, புரதத் தொகுப்புக்கு இன்றியமையாத ஒரு காரணியை முடக்கும். 'ஏ' துண்டின் ஒரேயொரு மூலக்கூறு உள்ளே போனாலே ஒரு கலத்தைக் கொல்லப் போதும் என்று 1978 இல் காட்டப்பட்டது.

1992 இல் அந்த வாங்கி எதுவென்று அடையாளங் கண்டார்கள். அது கலங்களில் வழமையாக இருக்கும் ஒரு வளர்ச்சிக் காரணியின் முன்னோடிப் புரதம். மனிதரிலும் குரங்கிலும் கினிப்பன்றியிலும் முயலிலும் நச்சு அதைப் பற்றிக்கொள்கிறது. சுண்டெலியிலும் எலியிலும் அதே புரதம் உண்டு, ஆனால் நச்சு பிடிக்கும் இடத்தில் சில அமினோ அமிலங்கள் மாறியிருக்கின்றன. பிடி கிடைப்பதில்லை. எப்படியாவது நச்சை உள்ளே செலுத்திவிட்டால் சுண்டெலிக் கலமும் சாகும். பூட்டு கதவில்தான், வீட்டுக்குள் காவல் எதுவும் இல்லை.

விளைவு எண்ணில் பெரிது. கினிப்பன்றியைக் கொல்ல உடல்நிறையில் கிலோவுக்கு நூறு இருநூறு நனோகிராம் நச்சுப் போதும். சுண்டெலிக்கு அது மில்லிகிராம் கணக்கில் போகும், ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு. தடுப்பூசி போட்ட சுண்டெலிக்கு நச்சேற்றி "பிழைத்துவிட்டது, தடுப்பூசி வேலை செய்கிறது" என்று எழுதினால் அதற்குப் பொருளே இல்லை. தடுப்பூசி போடாததும் பிழைத்துத்தான் இருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், வேறு துறைக்காரர்களுக்கு இந்தக் குறைதான் மூலதனம். மனித வாங்கியின் மரபணுவைச் சுண்டெலியின் குறிப்பிட்ட ஒரு கலவகையில் மட்டும் ஏற்றி, பிறகு நச்சைச் செலுத்தினால் அந்தக் கலங்கள் மட்டும் அழியும், மற்றவை தப்பும். நிர்ப்பீடனவியல் ஆய்வுக் கட்டுரைகளில் "தொண்டைக்கரப்பன் நச்சு கொடுத்த சுண்டெலி" என்று வந்தால் பெரும்பாலும் கதை இதுதான், தடுப்பூசி அல்ல. தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு மேற்கோள் காட்டிவிடாதீர்கள்.

## கினிப்பன்றி

இந்த நோயின் வரலாறே கினிப்பன்றியின் முதுகில் எழுதப்பட்டது. 1884 இல் ஜெர்மானிய ஆய்வாளர் லோஃப்லர் பற்றீரியாவைக் கினிப்பன்றிக்கு ஏற்றிப் பார்த்தார். ஊசி போட்ட இடத்தில் மட்டுமே கிருமி இருந்தது, ஆனால் தொலைவிலுள்ள உறுப்புகள் கெட்டுப்போயிருந்தன. ஏதோ நச்சு பரவுகிறது என்று அவர் ஊகித்ததை 1888 இல் ரூவும் யெர்சினும் வடிகட்டிய திரவத்தைக்கொண்டு நிரூபித்தார்கள். 1890 இல் பேரிங்கும் கிற்றசாத்தோவும் நச்செதிரிச் சீரத்தை, அதாவது நச்சை முறிக்கும் பிறபொருளெதிரி கொண்ட குருதித் திரவத்தை, அறிவித்தார்கள். 1897 இல் ஏர்லிக் அதற்கு அளவுமுறை வகுத்தபோது அடிப்படை அலகாக எடுத்தது, 250 கிராம் நிறையுள்ள ஒரு கினிப்பன்றியை நான்கு நாளில் கொல்லும் நச்சின் அளவை. அலுமினிய உப்புச் சேர்த்தால் தொட்சொயிட்டின் வீரியம் கூடும் என்று 1926 இல் கிளெனி குழுவினர் கண்டதும் கினிப்பன்றியில்தான். இன்று போடும் ஊசியிலும் அந்த உப்பு இருக்கிறது.

நச்சுக்கு இரையான கினிப்பன்றியைத் திறந்து பார்த்தால் மறக்க முடியாது. ஊசி போட்ட இடத்தில் தோலின் கீழ் ஜெலி போன்ற வீக்கம். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அதிரீனல் சுரப்பிகள் வழமையான வெளிர்மஞ்சளை விட்டு, குருதி கசிந்து கருஞ்சிவப்பாகப் பருத்திருக்கும். நச்சேற்றப்பட்ட விலங்கு வேறு நோயால் இறந்ததா, நச்சாலா என்று பிரிப்பதற்கு இந்த அடையாளம் உதவுகிறது.

வீரியச் சோதனையில் இதை மூன்று விதமாகப் பயன்படுத்துகிறார்கள். முதலாவது பழைய வழி: தடுப்பூசியைப் பல ஐதாக்கங்களில் போட்டு, ஏறக்குறைய நான்கு வாரங்களின் பின் கொல்லும் அளவு நச்சை ஏற்றி, எத்தனை பிழைத்தன என்று எண்ணுவது. இரண்டாவது, மழித்த தோலில் சிறு சிறு அளவு நச்சைப் பல புள்ளிகளில் ஏற்றி, சிவப்பு வட்டங்களைப் பார்த்துப் புள்ளியிடுவது. விலங்கு சாவதில்லை, தகவலும் கூடக் கிடைக்கிறது. மூன்றாவது, நச்சே ஏற்றாமல் ஐந்து ஆறு வாரத்தில் குருதி எடுத்து பிறபொருளெதிரியை அளப்பது. ஐரோப்பிய மருந்தியல் நூல் மூன்றையும் ஏற்கிறது. மூன்றாவதில் இன்னொரு இலாபம் உண்டு: கூட்டுத் தடுப்பூசியென்றால் அதே குருதியில் ஏற்புவலிக் கூறையும் அளந்துவிடலாம், விலங்குகளின் எண்ணிக்கை குறையும்.

கினிப்பன்றியின் தூண்டற்பேறும் நல்லது. ஒரு டோஸுக்கே அளக்கத்தக்க நச்செதிரி வருகிறது, டோஸோடு சீராக ஏறுகிறது. குழந்தைக்கு மூன்று டோஸ் வேண்டியிருக்க இதற்கு ஒன்று போதுமென்றால், "கினிப்பன்றியில் இவ்வளவு, ஆகவே பிள்ளையில் இவ்வளவு" என்று நேராகப் பெருக்கிவிட முடியாது என்பதும் அதிலேயே அடங்கியிருக்கிறது. சர்வதேச அலகு என்பது நியமத்தோடு ஒப்பிட்ட விகிதம் மட்டுமே. குழந்தைகளுக்கான முதல் வரிசைத் தடுப்பூசியில் ஒரு டோஸுக்கு 30 அலகுக்குக் குறையக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது அந்த விகிதத்தைத்தான்.

மறைந்திருக்கும் செலவுகளுக்கு வருவோம். கினிப்பன்றியால் எங்களைப்போலவே விற்றமின் சீ தயாரிக்க முடியாது. முயலுக்கான உருண்டைத் தீனியை வாங்கிப் போட்டுச் சமாளிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. அதில் விற்றமின் சீ சேர்ப்பதில்லை. சேர்த்த தீனியிலும் நாட்போக்கில் சத்துக் கெட்டுவிடும், கொழும்பின் ஈரக்காற்றில் இன்னும் விரைவாக. குறைபாடுள்ள விலங்கு கொடுக்கும் பிறபொருளெதிரி எண்ணை வைத்து என்ன முடிவு எடுப்பது? கறிமிளகாய், பச்சை இலை என்று ஒழுங்காகக் கொடுக்க ஆள் வேண்டும். சூடும் ஆகாது: முப்பது பாகையைத் தாண்டிய அறையில் கினிப்பன்றி சோர்ந்து விழும். ஏ.சி.க்கு மாற்று மின்பிறப்பாக்கி உண்டா என்று கேளுங்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின் வெட்டப்பட்ட நாடு இது. நோய் வந்தால் பென்சிலின் கொடுத்துக் காப்பாற்றவும் முடியாது, குடல் நுண்ணுயிர்ச் சமநிலை குலைந்து விலங்கு இறந்துவிடும். வாலே இல்லாததால் வால் நாளத்திலிருந்து குருதி எடுக்கும் வழியும் இல்லை. பெரும்பாலும் மயக்க மருந்து கொடுத்து இதயத்திலிருந்து எடுப்பார்கள், அத்தோடு விலங்கு முடிந்தது. சூல்காலம் இரண்டு மாதம், ஒரு ஈற்றில் இரண்டு முதல் நான்கு குட்டி. ஒரே நிறையில் 250 முதல் 350 கிராமுக்குள் ஒரு தொகுதி சேர்ப்பதற்கே நாள் எடுக்கும்.

இவ்வளவும் தாங்கக்கூடியவர்களுக்கு, அதாவது தடுப்பூசித் தொகுதியை விடுவிப்பதா வேண்டாமா என்று கையெழுத்து வைப்பவர்களுக்கு, கினிப்பன்றிதான். அவர்களுக்கு வேறு தெரிவு குறைவு. எஞ்சிய நச்சு இருக்கிறதா என்ற பாதுகாப்புச் சோதனையும் வரலாற்றில் இதே விலங்கின் பொறுப்பு. 1948 இல் ஜப்பானின் கியோட்டோவில் நஞ்சு சரியாக முறிக்கப்படாத தடுப்பூசியால் 60 க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அந்தச் சோதனை ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

## சுண்டெலி

நச்சேற்றி முடிவு பார்க்க முடியாது என்பதைச் சொல்லியாயிற்று. ஆனால் தொட்சொயிட்டுக்கு எதிராகப் பிறபொருளெதிரி செய்வதில் சுண்டெலிக்கு எந்தத் தடையும் இல்லை. நிர்ப்பீடனக் கலங்கள் தொட்சொயிட்டை அடையாளம் காண அந்த வாங்கி தேவையில்லை. நெதர்லாந்தில் 1980 களிலேயே சுண்டெலிக்குத் தடுப்பூசி போட்டு, சீரத்தை வீரோ எனப்படும் குரங்குச் சிறுநீரகக் கலங்களில் அளக்கும் முறையை நிறுவிவிட்டார்கள்.

இதன் பலம் ஆழத்தில் இருக்கிறது. எந்த வகை பிறபொருளெதிரி வந்தது, எந்த உதவிக் கலம் தூண்டப்பட்டது, நினைவுக் கலம் எத்தனை என்று துருவிப் பார்க்கத் தேவையான இரசாயனங்கள் சுண்டெலிக்குத்தான் சந்தையில் குவிந்து கிடக்கின்றன. கினிப்பன்றிக்கு அவற்றில் பத்தில் ஒரு பங்கு கிடைத்தாலே பெரிய விடயம். தடுப்பூசியின் வீரியத்தைக் கூட்டச் சேர்க்கும் புதிய துணைச்சேர்மம் ஒன்று அலுமினிய உப்பைவிட நல்லதா, எப்படி நல்லது என்று கேட்கும் ஆய்வுக்குச் சுண்டெலியை விட்டால் ஆளில்லை.

குறைகள்? உறவுக்குள்ளேயே பெருக்கிய உட்கலப்பு இனவழிகளில் விலங்குகள் ஒன்றோடொன்று ஒத்திருப்பதால் எண்கள் அழகாக நெருங்கி நிற்கும், பிழைக்கோடு குட்டையாக இருக்கும். அந்த அழகில் மயங்கக்கூடாது. பால்ப்-சி இனவழியில் வந்த முடிவு சி57 இல் வராமல் போகலாம், இரண்டும் வெவ்வேறு பக்கம் சாயும் இயல்புடையவை. வீரிய ஒப்பீடு மட்டும் நோக்கமென்றால் ஐ.சி.ஆர். போன்ற வெளிக்கலப்பு விலங்கே பொருந்தும். ஒரே தடுப்பூசி கினிப்பன்றியில் ஓர் அலகும் சுண்டெலியில் வேறோர் அலகும் காட்டுவதும் நடக்கிறது, ஆகவே இரண்டையும் ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள்.

குருதியும் கொஞ்சந்தான். 25 கிராம் சுண்டெலியின் உடம்பில் இருப்பதே இரண்டு மில்லிலீற்றருக்கு உட்பட்டது. கடைசி எடுப்பில் ஒரு மில்லிலீற்றர் கிடைத்தால் சீரமாக அதில் பாதிகூடத் தேறாது. எலைசா (தட்டில் பிறபொருளெதிரி ஒட்டுவதை நிறமாற்றத்தால் அளக்கும் சோதனை), நடுநிலையாக்கல், மறுசோதனை என்று மூன்றுக்கும் அதைப் பங்கிடவேண்டும். முன்மொழிவில் இந்தக் கணக்கைப் போடாமல் வந்து, கடைசியில் சீரங்களை ஒன்றாகக் கலந்து "தொகுதிச் சராசரி" என்று சமாளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கலந்த கணமே புள்ளிவிபரம் போயிற்று.

பெரிய மறைசெலவு, முன்பே சொன்னதுபோல, அளக்கும் முறைதான். எலைசா மலிவு, விரைவு. ஆனால் அது ஒட்டும் எல்லாவற்றையும் எண்ணும். நடுநிலையாக்கலோடு அதன் பொருத்தம் உயர்ந்த அளவுகளில் நன்றாக இருக்கிறது, 0.1 அலகுக்குக் கீழே தளர்ந்துவிடுகிறது. பாதுகாப்பு உண்டா இல்லையா என்ற கேள்வி எழுவதோ சரியாக அந்த எல்லையில். அதனால் வீரோ கலச் சோதனை தேவைப்படுகிறது. வீரோ கலம் ஆபிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து 1962 இல் ஜப்பானில் பிரித்து வளர்க்கப்பட்டது, நச்சுக்கு மிகவும் எளிதில் இரையாகும். 96 குழிகள் கொண்ட தட்டில் சீரத்தைப் படிப்படியாக ஐதாக்கி, ஒரே அளவு நச்சைச் சேர்த்து, கலங்களைப் போட்டு, ஐந்தாறு நாள் விடுவார்கள். நச்செதிரி போதுமான குழியில் கலங்கள் பெருகி அமிலம் விட, ஊடகம் மஞ்சளாகும். போதாத குழி சிவப்பாகவே நிற்கும். வரிசையில் மஞ்சள் முடிந்து சிவப்பு தொடங்கும் இடம்தான் உங்கள் விடை. வாசிக்க நுணுக்குக்காட்டிகூட வேண்டியதில்லை.

ஆனால் அந்தத் தட்டுக்குப் பின்னால் காபனீரொட்சைட்டு அடைகாப்பான், கன்றின் சீரம், தூய நச்சு, அளவுநியமச் சீரம் எல்லாம் வேண்டும். பலவும் வெளிநாட்டிலிருந்து குளிரில் வரவேண்டியவை. நச்சைக் கையாளும் ஒவ்வொருவரும் தங்கள் ஏ.ரி.டி. (வளர்ந்தோருக்கான தொண்டைக்கரப்பன், ஏற்புவலித் தடுப்பூசி) ஊக்கி டோஸைப் போட்டிருக்கவும் வேண்டும். சுண்டெலியில் மிச்சம் பிடித்த காசு இங்கே போகும். ஏற்கனவே கலவளர்ப்பு நடக்கும் ஆய்வுகூடத்தோடு கூட்டுச் சேர முடிந்தால் மட்டும் இந்த வழி உண்மையில் மலிவு.

## முயல்

முயலும் நச்சுக்கு இரையாகும், கிலோவுக்கு நச்சளவும் கினிப்பன்றியை ஒட்டித்தான். அதன் மழித்த முதுகு பெரிய பரப்பு. பல சீரங்களை நச்சோடு கலந்து ஒரே விலங்கில் பல புள்ளிகளில் ஏற்றி, எது சிவக்கிறது எது சிவக்கவில்லை என்று பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம். வீரோ முறை வருமுன் நச்செதிரியை மிகக் குறைந்த அளவில் கணிக்க இதுதான் நம்பகமான வழியாக இருந்தது. இன்று அதற்காக முயல் எடுப்பதை நான் ஆதரிக்கமாட்டேன், தட்டில் செய்யக்கூடியதை உயிரின் தோலில் செய்யவேண்டிய தேவை இல்லை.

குருதிக்குத்தான் முயல். காது விளிம்பு நாளத்திலிருந்து, மூன்று கிலோ விலங்கில் ஒரு தடவைக்கு 15 மில்லிலீற்றர் அளவு பாதுகாப்பாக எடுக்கலாம், சில வாரங்கழித்துத் திரும்பவும் எடுக்கலாம். எலைசாவுக்குப் பிடிப்புப் பிறபொருளெதிரி வேண்டும், ஆய்வுகூடத்தின் உள்நியமமாக ஒரு சீரத்தை வருடக்கணக்கில் வைத்திருக்க வேண்டும் என்றால் இரண்டு மூன்று முயல் போதும். வீரியத்தை ஒப்பிட மட்டும் முயலை நாடாதீர்கள். ஒன்றுக்கொன்று வித்தியாசம் அதிகம், கூட்டின் அளவும் தீனிச் செலவும் புள்ளிவிபரத்துக்குத் தேவையான எண்ணிக்கையை எட்ட விடாது.

## எலி, குதிரை, குரங்கு

விஸ்டர் எலி பற்றிச் சுருக்கமாக: சுண்டெலியின் குறை முழுதும் உண்டு, சுண்டெலிக்குள்ள இரசாயனச் செல்வம் இல்லை. கூடுதல் குருதி கிடைக்கும் என்பது மட்டுமே வாதம். கையில் இருக்கிறது என்பதற்காக எடுக்காதீர்கள்.

குதிரை வேறு வேலைக்கு. அதில் தடுப்பூசியைச் சோதிப்பதில்லை, நோயாளிக்குக் கொடுக்கும் நச்செதிரியைத் தயாரிக்கிறார்கள். 1894 இல் ரூ குதிரைச் சீரத்தால் பிள்ளைகளைக் காப்பாற்றிக் காட்டியதிலிருந்து இன்றுவரை அதே வழி. இங்கே பாம்புக்கடிக்கு இந்தியாவிலிருந்து வரும் மருந்தும் குதிரைச் சீரந்தான் என்பதால், அதன் பக்கவிளைவு எங்கள் வைத்தியர்களுக்குப் புதிதல்ல. குதிரையில் நிர்ப்பீடனவியலுக்குச் சுவையான விடயம் ஒன்றுண்டு: ஒரே ஏற்றல் ஒழுங்கில் சில குதிரைகள் கொட்டிக் கொடுக்கும், சில எவ்வளவு ஏற்றினாலும் அசையாது. 1901 இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஜிம் என்ற குதிரைக்கு ஏற்புவலி வந்தது தெரியாமல் அதன் சீரத்தைப் பயன்படுத்தியதில் 13 பிள்ளைகள் இறந்தார்கள். அடுத்த ஆண்டே உயிரியல் மருந்துகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் அங்கே வந்தது.

குரங்கு வாங்கியில் எங்களுக்கு மிக நெருக்கம். அதனாலேயே அதன் சிறுநீரகக் கலம் இந்தச் சோதனைக்குப் பொருந்துகிறது. முழுக் குரங்கைக் கேட்க இந்தத் தடுப்பூசியில் எந்த நியாயமும் இல்லை.

## விலங்கே வேண்டாம் என்றால்

தொட்சொயிட்டின் அளவை மட்டும் அறிய விலங்கு தேவையில்லை. நச்செதிரியோடு கலந்து எப்போது திரள்கிறது என்று பார்க்கும் பிரெஞ்சு ஆய்வாளர் ரமோனின் சோதனை நூறாண்டு பழையது, இன்றும் உற்பத்தியில் இருக்கிறது. எஞ்சிய நச்சைத் தேடுவதற்கும் வீரோ கலம் கினிப்பன்றியின் இடத்தை எடுத்துக்கொண்டு வருகிறது. ஆனால் எவ்வளவு இருக்கிறது என்பது வேறு, உடம்பு அதற்கு எப்படிப் பதில் சொல்லும் என்பது வேறு. அலுமினிய உப்பில் ஒட்டியபின் அளவு மாறாமலே வீரியம் மாறலாம். இப்போதைக்கு வீரியச் சோதனையில் விலங்கைக் குறைக்கலாம், முற்றாக நீக்குவது எல்லோருக்கும் சாத்தியமில்லை.

| | கினிப்பன்றி | சுண்டெலி | முயல் |
|---|---|---|---|
| நச்சு தாக்குமா | ஆம், மிகவும் | ஏறத்தாழ இல்லை | ஆம் |
| நச்சேற்றிச் சோதனை | முடியும் | முடியாது | தோலில் முடியும் |
| டோஸ் ஒழுங்கு | நன்று | இனவழியைப் பொறுத்தது | விலங்குக்கு விலங்கு மாறும் |
| குருதி | போதும், ஆனால் எடுப்பது கடினம் | மிகக் குறைவு | தாராளம் |
| கலமட்ட ஆய்வு | வசதி குறைவு | மிக நன்று | நடுத்தரம் |
| மறைசெலவு | விற்றமின் சீ, குளிர் அறை, காத்திருப்பு | வீரோ கலம், தூய நச்சு | இடம், தீனி |
| எப்போது | தொகுதி விடுவிப்பு, பாதுகாப்பு | துணைச்சேர்மம், மாணவர் ஆய்வு | சீரம் தயாரிப்பு |

## கொழும்பில் இருந்துகொண்டு முடிவெடுப்பவருக்கு

ஆறு மாதத்தில் முடிக்கவேண்டிய இளநிலை ஆய்வென்றால் வெளிக்கலப்புச் சுண்டெலி, இரண்டு டோஸ், எலைசா. தெரிந்தெடுத்த சில சீரங்களுக்கு மட்டும் கலவளர்ப்புள்ள ஒரு கூடத்தில் நடுநிலையாக்கல். "பாதுகாப்பு" என்ற சொல்லை முடிவுரையில் போடாதீர்கள், "பிறபொருளெதிரி அளவு" என்று எழுதுங்கள். முதுநிலை ஆய்வும் ஓரளவு நிதியும் இருந்தால், கினிப்பன்றியில் குருதி மட்டும் எடுக்கும் முறையைச் சுண்டெலியோடு ஒரே நியமத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதுவே ஒரு நல்ல கேள்வி. நச்சேற்றிக் கொல்லும் சோதனையை ஒரு மாணவர் ஆய்வுக்காக முன்வைத்தால் ஒழுக்கவியல் குழு திருப்பி அனுப்பும், அனுப்பத்தான் வேண்டும். நச்சேற்றாமல் அளக்க வழி இருக்கும்போது அந்தத் துன்பத்துக்கு நியாயம் கிடையாது.

பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகமோ பல்கலைக்கழக விலங்குமனையோ, எங்கிருந்து எடுப்பதானாலும் முன்மொழிவு எழுதுமுன் நேரில் போய்க் கேளுங்கள்: என்ன இனவழி, என்ன நிறை, எப்போது தருவார்கள். வலைத்தளப் பட்டியலை நம்பி எழுதியவர்கள் பிறகு விலங்கை மாற்றி, முழு நியாயத்தையும் திருத்தி எழுதவேண்டி வந்திருக்கிறது.

எந்தத் தடுப்பூசிக் குப்பி என்பதும் விலங்குத் தெரிவில் பாதி. இங்கே 2, 4, 6 மாதக் குழந்தைகளுக்குப் போடும் ஐங்கூட்டுத் தடுப்பூசியில் குக்கல் பற்றீரியாவின் முழுக் கலமும் இருக்கிறது. அதுவே ஒரு துணைச்சேர்மமாக வேலை செய்து தொண்டைக்கரப்பன் தூண்டற்பேற்றை உயர்த்திவிடும். தொட்சொயிட்டைத் தனியே பார்க்க வேண்டுமானால் அந்தக் குப்பி பொருந்தாது. பெரிய பிள்ளைகளுக்கும் வளர்ந்தோருக்குமான ஏ.ரி.டி.யிலோ தொண்டைக்கரப்பன் கூறு வேண்டுமென்றே குறைக்கப்பட்டிருக்கிறது, உலக சுகாதார நிறுவனத்தின் கீழெல்லை அங்கே டோஸுக்கு 2 அலகுதான். அதைச் சுண்டெலிக்கு நூறில் ஒன்றாக ஐதாக்கிப் போட்டுவிட்டு "விலங்கு பதில் சொல்லவில்லை" என்று குறை சொல்வதில் நியாயமில்லை.

கடைசியாக, குளிர்சாதனப் பெட்டி. அலுமினிய உப்பில் ஒட்டிய தடுப்பூசி 2 முதல் 8 பாகைக்குள் இருக்கவேண்டும், உறையவே கூடாது. பனிப்பெட்டியை ஒட்டிய தட்டில் ஓரிரவு கிடந்த குப்பி வெளியில் பார்க்கச் சாதாரணமாக இருக்கும், வீரியம் போயிருக்கும். சந்தேகமிருந்தால் அதே தொகுதியில் இன்னொரு குப்பியை வேண்டுமென்றே உறையவைத்து உருகவிட்டு, இரண்டையும் நன்றாகக் குலுக்கி மேசையில் பக்கத்தில் வையுங்கள். உறைந்ததில் படிவு விரைவாகக் கீழே இறங்கி மேலே தெளிந்துவிடும். உங்கள் குப்பியும் அதே வேகத்தில் தெளிந்தால் ஊசி போடும் நாளைத் தள்ளிவையுங்கள், விலங்குகள் கூட்டில் வந்து காத்திருந்தாலும் சரி.